இலவச இடத்தை நம்பிப் படங்களை அழிக்கலாமா?

கேள்வி: போனில் இடமில்லை என்று தினமும் வருகிறது. மகனின் சின்ன வயசுப் படங்கள் எல்லாம் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டன. போனில் இருப்பதை அழித்துவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள். கூகுள் போட்டோஸுக்குள் போய் 'டெலிட்' அழுத்தினால் போனில் இருப்பது மட்டுமில்லை, மேலே ஏறிய பிரதியும் சேர்ந்தே குப்பைத்தொட்டிக்குப் போய், 60 நாள் கழித்து ஒரேயடியாக மறைந்துவிடும். போனில் மட்டும் காலி செய்ய அதே செயலியில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக இருக்கிறது, அதைத் தொடுங்கள்.

இலவச இடம் பெரிய வசதிதான். போன வருஷம் என் போன் பேருந்தில் தொலைந்துபோனது. புதுப் போனில் பழைய மின்னஞ்சலைப் போட்டதும் அப்பாவின் கடைசிப் படம், வேட்டி மடிப்புகூடக் கலையாமல், வந்து நின்றது. அழுதுவிட்டேன்.

ஆனால் கூகுள் தரும் 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து, ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான் வந்து உட்காருகிறது. நிறைந்துவிட்டால் படம் ஏறாது, சரி, மின்னஞ்சலும் வராமல் நின்றுவிடும். நேர்முகத் தேர்வுக் கடிதம் அப்படித் திரும்பிப் போனால் யாரைக் கேட்பது? 2 வருஷம் தொடாத கணக்கை அழிக்கவும் அவர்கள் விதியில் இடமுண்டு. ஆப்பிளின் ஐகிளவுடிலும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவிலும் இலவச இடம் வெறும் 5 ஜிபி.

முதலில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி மகன் படங்களை அதில் ஏற்றுங்கள். நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் போனில் கை வையுங்கள்.