இரண்டு பேருக்கு வீட்டு பர்கர்: கேள்வி பதில்

வீட்டில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அந்த அளவுக்கு பர்கர் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாதிக் கேள்விகளில் இருப்பது ஒரே கவலைதான்: கொழுப்பைக் குறைத்தால் ருசி போய்விடுமா? போகாது. கொழுப்பு கொடுத்துக்கொண்டிருந்த ஈரத்தை வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்கு வழிகள் இருக்கின்றன.

கேள்வி: நானும் கணவரும் மட்டும்தான் அக்கா. ரெசிபி எல்லாம் 1 கிலோ கறிக்குப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு எவ்வளவு போதும்?

200 முதல் 220 கிராம் கொத்துக்கறி. ஆளுக்கு ஒரு பேட்டீஸ் (பன்னுக்குள் வைக்கத் தட்டுகிற வட்டம்), பச்சையாக 100 அல்லது 110 கிராம். வெந்ததும் கிட்டத்தட்ட கால் பங்கு எடை குறையும்.

கண் அளவை நம்பாமல் தராசில் வையுங்கள். கையில் உருட்டும்போது சின்னதாகத் தெரியும், இன்னும் கொஞ்சம் சேர்ப்போம், அது 150 கிராமில் போய் நிற்கும். 20 சதவீதம் கொழுப்புள்ள மாட்டுக் கொத்துக்கறி 100 கிராமில் சுமார் 250 கலோரி இருக்கிறது. 10 சதவீதம் கொழுப்புள்ளதில் சுமார் 175. அதாவது முதல் வகையில் 150 கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இரண்டாவது வகையில் 100 கிராமுக்கு மாறினால், பேட்டீஸின் கலோரி பாதிக்கும் கீழே வந்துவிடும். சின்ன பேட்டீஸ் பன்னுக்குள் ஒளிந்துகொள்ளாமல் இருக்க, பன்னைவிடச் சற்று அகலமாகத் தட்டுங்கள். வேகும்போது சுருங்கிச் சரியாக உட்காரும்.

கேள்வி: நீங்கள் சொல்கிற மாதிரி கொழுப்பு குறைந்த கறியில்தான் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் ரப்பர் மாதிரி வருகிறது. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆரோக்கியமாகச் செய்யத் தொடங்குகிற பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

கறி சூடாகும்போது அதன் புரதம் இறுகி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கொழுப்பு அதிகமாக இருந்தால் அது உருகி இடையில் நின்று மென்மை கொடுக்கும். அது குறைந்தால் மெல்லும்போது இறுகிய புரதம் மட்டும்தான் பல்லில் படும்.

கறியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் காளான் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு 150 கிராம் கொத்துக்கறி, 100 கிராம் பட்டன் காளான். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதனால் பச்சையாகக் கலந்தால் பேட்டீஸ் நொறுங்கும். அரிசி மணி அளவுக்குப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல் தவாவில் போட்டு மிதமான தீயில் வதக்குங்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு தண்ணீர் விட்டுச் சலசலவென்று கொதிக்கும். அந்தச் சத்தம் அடங்கி, காளான் தவாவில் லேசாக ஒட்டி, பழுப்பு நிறம் ஏறி, வறுத்த கறியின் வாசனை வரும்போது இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் கறியில் சேர்க்க வேண்டும். கறியின் ருசியை நினைவூட்டுகிற குளுட்டமேட் என்ற பொருள் காளானில் இயற்கையாகவே இருப்பதால், கறி குறைந்தது நாக்குக்குத் தெரியாது. இதோடு ஒரு ஸ்பூன் துருவிய வெங்காயமும் மிளகுத்தூளும் போதும்.

அடுத்தது கை. சப்பாத்தி மாவு மாதிரி பிசையாதீர்கள். விரல் நுனியால் கலந்து, ஒன்றாகச் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, நடுவில் கட்டை விரலால் ஒரு குழி வைத்தால் வேகும்போது நடுப்பகுதி உப்பாது. தவாவில் போட்ட பிறகு கரண்டியால் அழுத்தக் கூடாது. அழுத்தும்போது வருகிற 'ஸ்ஸ்' சத்தம், நீங்கள் காப்பாற்ற நினைத்த சாறு வெளியேறுகிற சத்தம்.

கேள்வி: அப்படியானால் உப்பு எப்போது போடுவது? நான் கறியோடு சேர்த்துக் கலந்து அரை மணி நேரம் ஊற வைப்பேன்.

உங்கள் பேட்டீஸ் சாசேஜ் மாதிரி கெட்டியாக வருகிறது என்றால் காரணம் இதுதான். உப்பு, கறியிலுள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். அது பசை போல ஒட்டிக்கொள்ளும். தட்டி முடித்து, தவாவில் போடுவதற்குச் சற்று முன்னால் மேலே தூவுங்கள். இரண்டு பேட்டீஸுக்கும் சேர்த்துக் கால் டீஸ்பூன் போதும், அது சுமார் ஒன்றரை கிராம். மேற்பரப்பில் இருக்கிற உப்பு முதல் கடியிலேயே தெரியும் என்பதால் குறைவாகவே செலவாகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பன், சீஸ், கெட்சப் எல்லாவற்றிலும் உப்பு இருப்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: முட்டை, பிரெட் தூள் சேர்க்க வேண்டுமா?

வெறும் கறிக்கு வேண்டாம். காளான் சேர்த்தால் ஒரு டேபிள்ஸ்பூன் ஓட்ஸை அதே அளவு பாலில் ஊறவைத்துக் கலந்துகொள்ளுங்கள். சிக்கன் கொத்துக்கறிக்கும் இதே வழிதான். அதிலும் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி கொஞ்சம் ஈரமாக இருக்கும்.

கேள்வி: வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஸ்டேக் அப்படிச் சாப்பிடலாம் என்கிறார்களே, பர்கர் கூடாதா?

கூடாது. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், மேலே சூடு பட்டால் போய்விடும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. ஈ.கோலை போன்ற கிருமிகள் பேட்டீஸின் நடுவிலேயே இருக்கலாம்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில சமயம் கறி சரியாக வேகும் முன்பே பழுப்பாகிவிடும், சில சமயம் நன்றாக வெந்தும் சிவப்பு போகாது. ஒரு சின்னச் சமையல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதி வரை செருகிப் பார்க்க வேண்டும். மாடு, ஆடு என்றால் 71 டிகிரி செல்சியஸ், சிக்கன் என்றால் 74. கொழுப்பு குறைந்த கறிக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சரியான சூடு வந்ததும் இறக்கிவிடலாம், பயந்து பயந்து கூடுதலாக வேகவிட்டு வறட்ட வேண்டியதில்லை.

கேள்வி: நான் சைவம். ராஜ்மா பேட்டீஸ் தவாவிலேயே உதிர்ந்துவிடுகிறது.

ஈரம் அதிகம் என்று அர்த்தம். வெந்த ராஜ்மாவை வடிகட்டி, ஒரு துணியில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். பாதியை நன்றாக மசித்து, மீதியை ஒன்றிரண்டாக விடுங்கள். மசித்தது ஒட்டும், மசிக்காதது கடிக்கக் கிடைக்கும். ஒரு கப் ராஜ்மாவுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் பொடித்த ஓட்ஸ் கலந்து, தட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு தவாவில் போடுங்கள். அடிப்பக்கம் மொறுமொறுவென்று ஆகும்வரை திருப்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உலர்ந்த ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காவிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற ஒருவகைப் புரதம் கடுமையான வாந்தியைக் கொண்டுவரும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் மிருதுவாகும்வரை வேகவிடுங்கள். பிரஷர் குக்கரிலும் தாராளமாக வேகவைக்கலாம். ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடவே கூடாது.

கேள்வி: மயோனைஸ் இல்லாமல் பர்கர் இறங்குமா?

இறங்கும். ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைஸில் 90 கலோரிக்கு மேல் இருக்கிறது, நாம் ஒரு ஸ்பூனோடு நிற்பதும் இல்லை. நீர் வடித்த கெட்டித் தயிரில் கொஞ்சம் கடுகு பேஸ்ட், துருவிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, மிளகு. பத்து நிமிடம் ஊறட்டும். மயோனைஸின் ருசிதான் வேண்டும் என்றால் இதிலேயே ஒரு டீஸ்பூன் மட்டும் கலந்துகொள்ளுங்கள். அந்த வழவழப்புக்கு அது போதும்.

கேள்வி: பன்னை விட்டுவிட்டு லெட்யூஸ் இலையில் சுற்றிச் சாப்பிடலாமா?

உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள். எனக்கு அது பர்கர் சாப்பிட்ட திருப்தியைத் தருவதில்லை, ஒரு மணி நேரத்தில் வேறு எதையாவது தேடுவோம். சின்ன கோதுமை பன் நல்லது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உறையில் முதல் பொருளாக முழுக்கோதுமை மாவு இருக்க வேண்டும். மைதா முதலில் இருந்தால், எவ்வளவு பழுப்பாக இருந்தாலும் அது மைதா பன்தான். பாக்கெட்டில் மிஞ்சுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். வாங்கிய அன்றே இரண்டாக வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டியபோது நேராகத் தவாவில் சூடாக்கலாம், வெண்ணெய் தேவையில்லை.

கேள்வி: சீஸ்?

மெல்லிய ஒரு துண்டு. ருசி தூக்கலான, முதிர்ந்த சீஸாக இருந்தால் துருவிய ஒரு டேபிள்ஸ்பூனே போதும்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை முறை செய்யலாம்?

மாடு, ஆடு போன்ற சிவப்பு இறைச்சியை வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். நம் 100 கிராம் பேட்டீஸ் வெந்தால் சுமார் 75 கிராம். அந்த வாரம் வேறு என்ன கறி சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். காளான் கலந்த பேட்டீஸ் என்றால் கணக்கு இன்னும் இளகும். கரிய விடாதீர்கள், கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: அரை கிலோவுக்குக் குறைவாகக் கொத்துக்கறி கிடைப்பதில்லை. மீதியை என்ன செய்வது?

அன்றே தட்டிவிடுங்கள். பச்சைக் கொத்துக்கறி ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். உப்பு போடாமல் தட்டி, ஒவ்வொன்றுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து, முதலில் தட்டில் பரப்பி உறையவிட்டு, பிறகு காற்றில்லாமல் பையில் கட்டி, மேலே தேதி எழுதி வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் மூன்று, நான்கு மாதம் ருசி கெடாமல் இருக்கும். முதல் நாள் இரவே வேண்டியதை மட்டும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் மாலைக்குள் இளகிவிடும். சமையல் மேடையில் வைத்து உருக விடாதீர்கள். தவாவில் போடும் முன் காகிதத்தால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, அப்போது உப்பு தூவுங்கள்.