குதிரை உங்கள் இடுப்பைத்தான் கேட்கிறது

குதிரையேற்றம்: வாசகர் கேள்விகளுக்குப் பயிற்சியாளர் பதில்

கேள்வி: சில மாதங்களாகக் குதிரையேற்றம் கற்கிறேன். இடப்பக்கம் அழகாகத் திரும்பும் குதிரை, வலப்பக்கம் என்றால் அடம்பிடிக்கிறது. வலது லகானை இழுத்தால் கழுத்தை மட்டும் வளைத்துக்கொண்டு இடப்பக்கமாகவே நகர்கிறது. இந்தப் பிடிவாதத்தை எப்படிப் போக்குவது?
- வாசகி, கோவை

பதில்: அது உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கை ஒன்று சொல்கிறது, இடுப்பு வேறொன்று சொல்கிறது. குதிரை இடுப்பைக் கேட்கிறது.

வலது லகானை இழுக்கும்போது பலரும் வலது தோளைத் தொங்கவிட்டு வலது இடுப்பை மடிக்கிறார்கள். பார்ப்பவருக்கு வலப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். ஆனால் விலா மடிந்ததும் இடுப்பு இடப்பக்கம் நழுவி, எடை இடது பிட்டத்து எலும்பில் இறங்கிவிடும். தேர் பார்க்கக் குழந்தையைத் தோளில் ஏற்றியிருக்கிறோம். அது ஒரு பக்கம் சரிந்தால் நம் கால் தானாக அந்தப் பக்கம் போகிறதல்லவா? குதிரையும் அப்படித்தான் எடைக்குக் கீழே வந்து நிற்கப் பார்க்கிறது.

அதன் உடலமைப்பும் இதற்கு ஒரு காரணம். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சுக்கூட்டைத் தாங்கி நிற்பவை தசைகள்தான். உடல் எடையில் சுமார் 60 விழுக்காடு அந்த முன்னங்கால்கள் மேல்தான் விழுகிறது. மேலே இருப்பவர் சரிந்தால் நெஞ்சுக்கூடும் சேர்ந்து சரியும். ஓர் ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலைச் சிலிர்த்து விரட்டுகிற உயிர் அது. உங்கள் எடை மாறியது அதற்குத் தெரியாமல் போகுமா?

ஒருவர் குதிரையைப் பிடித்து மெல்ல நடத்தட்டும். நீங்கள் அங்கவடியிலிருந்து (சேணத்தில் தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) காலை எடுத்துவிட்டு, எந்தப் பக்க எலும்பு அதிகம் அழுத்துகிறது என்று கவனியுங்கள். பின்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதுகெலும்பு சேணத்தின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்கிறதா, அங்கவடி வார் இரண்டும் ஒரே நீளமா என்று பாருங்கள். வார் சமமாக இல்லாமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்!

அப்புறம் திரும்பும்போது முதலில் கண் போகட்டும், பின்னால் நெஞ்சும் தொப்புளும் திரும்பட்டும். வலது விலாவை மடிக்காமல் நீட்டி வைத்திருங்கள். இடது லகானைத் தொளதொளவென்று விட்டுவிடாதீர்கள். அது தாங்கலாக இருந்தால்தான் குதிரையின் இடது தோள் வெளியே ஓடாது. கழுத்து மட்டும் வளைந்ததும் இடது லகான் தொளதொளத்ததால்தான் இருக்கும்.

இன்னொருவர் ஏறியும் அது வலப்பக்கம் மறுத்தால், பல், முதுகு இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சேணம் பொருந்துகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலியில் இருக்கும் குதிரையைப் பழக்குகிறேன் என்று படுத்துவது பாவம்.

கேள்வி: நிறுத்த இழுத்தால் என் குதிரை வேகமெடுக்கிறது. ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: பயத்தில் முழங்காலை இறுக்கி முன்னால் குனிகிறீர்களா? அப்போது குதிகால் மேலேறி குதிரையின் விலாவைக் குத்தும். குதிகால் ‘போ’ என்கிறது, கை ‘நில்’ என்கிறது. பாவம், அது என்ன செய்யும்? நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். நடையோடு ஆடிக்கொண்டிருக்கும் இடுப்பை அசையாமல் நிறுத்துங்கள். அதன் பிறகு விரல்களை மூடி லகானைப் பிடித்தால் போதும், பின்னால் இழுக்க வேண்டாம். வேகம் குறைந்த அந்த நொடியிலேயே கையைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வில்தான் குதிரை பாடம் கற்கிறது.

கேள்வி: சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் என் வலது காலில் பலமில்லை. நான் குதிரையேற ஆசைப்படலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக ஆசைப்படுங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டல் என்ற பெண்மணிக்கு 1944-இல் இதே நோய் வந்தது. முழங்காலுக்குக் கீழே இயக்கமே போய்விட்டது. குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். அந்த நிலையில்தான் அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் (குதிரையை நுட்பமான நடைகளில் நடத்திக் காட்டும் போட்டி) பிரிவில் வெள்ளி வென்றார். டிரெஸ்ஸாஜில் பெண்களை ஆண்களோடு போட்டியிட அனுமதித்த முதல் ஒலிம்பிக் அது. 1956-இல் மறுபடியும் வெள்ளி. கெண்டைக்கால் செய்ய வேண்டிய வேலையை முதுகும் எடையும் செய்தன. ஜூபிலி என்ற அவரது குதிரையும் அந்தப் பேச்சைப் பழகிக்கொண்டது. ஆட்டக்காரியின் திறமையை மட்டுமல்ல, அந்தக் குதிரையின் பொறுமையையும் நினைத்து நான் பலமுறை நெகிழ்ந்திருக்கிறேன்.

முதலில் உங்கள் மருத்துவரிடம் இடுப்பையும் முதுகையும் காட்டிக் கேளுங்கள். வயதான, அமைதியான குதிரையாகத் தேர்ந்தெடுங்கள். ஏறுவதற்குப் படி வைத்த மேடை, இரு பக்கமும் கூட நடக்க ஆள், விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளாத அங்கவடி, தலைக்கவசம், இவை இல்லாமல் ஏறாதீர்கள். வலது காலை வைத்துச் சொல்ல முடியாததை இடுப்பால் சொல்லப் பழகும்வரை நடைவேகத்தைத் தாண்ட வேண்டாம்.