வேரியோ பீப் அடிக்கிறது, போனில் ஒன்றும் வரவில்லையே!

கல்லடியில் எனக்குச் சோறு போடுவது வள்ளங்களின் ஜிபிஎஸ்ஸும் ஆழம் பார்க்கும் கருவியும் திருத்தும் வேலைதான். சுவிஸில் இருந்த காலத்தில் பாராகிளைடிங் (துணிச் சிறகில் பறப்பது) பழகிய குற்றத்துக்காக, வேரியோ பற்றிய கேள்விகளும் என் தலையில் விழுகின்றன. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காற்றழுத்தத்தை வைத்துச் சொல்லும் சின்னப் பெட்டிதான் வேரியோமீற்றர். அதைப் போனோடு இணைப்பதில் வந்த சில சிக்கல்கள் இங்கே.

போனின் செட்டிங்ஸில் 'ஜோடி சேர்க்கப்பட்டது' என்று வருகிறது. எக்ஸ்சிட்ராக் என்ற பறப்புச் செயலியில் எந்த அசைவும் இல்லை. கருவி பழுதா? (ஏறாவூர்)

பழுதில்லை தம்பி. ஜோடி சேர்ப்பது நிச்சயதார்த்தம் மாதிரி. தாலி கட்டுவது செயலிக்குள்ளே.

முதலில் உங்கள் கருவி எந்த வகைப் புளூடூத் என்று பாருங்கள். பழைய கிளாசிக் வகை என்றால், போன் செட்டிங்ஸில் ஜோடி சேர்த்து, பிறகு செயலியின் வெளிச் சென்சர் பக்கத்தில் அதே பெயரைத் தெரிவு செய்ய வேண்டும். புதிய பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்) வகை என்றால் செட்டிங்ஸ் பக்கமே போகவேண்டாம். அங்கே ஏற்கெனவே சேர்த்திருந்தால் 'மறந்துவிடு' கொடுத்துவிட்டு, செயலிக்குள் இருந்தே தேடுங்கள்.

தேடினாலும் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா? அனுமதிதான் காரணமாக இருக்கும். அன்ட்ரொய்ட் 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதி தனியாகக் கேட்கும். அதற்கு முந்திய போன்களில், 6 முதல், இருப்பிட அனுமதி இல்லாமல் பிஎல்இ கருவி கண்ணில் படாது. அவசரத்தில் 'வேண்டாம்' அழுத்தியவர்கள் திரும்பப் போய்த் திறந்துவிடுங்கள்.

இணைந்தும் எண் வரவில்லை என்றால் பாஷை பிழை. வேரியோ ஒரு வடிவத்தில் வரி வரியாக அனுப்புகிறது. செயலி வேறொன்றை எதிர்பார்க்கிறது. கருவியின் அமைப்பில் எல்கே8இஎக்ஸ்1 என்ற வடிவத்தைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் தீரும். எக்ஸ்சிசோர் என்ற பறப்புச் செயலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கருவிகள் பக்கத்தில் மொனிற்றர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வேரியோ அனுப்பும் வரிகள் அப்படியே ஓடும். வரி ஓடினால் புளூடூத்தைத் திட்டாதீர்கள், செயலியில் டிரைவரை (கருவியின் பாஷையைப் புரியவைக்கும் அமைப்பை) மாற்றுங்கள். ஓடாவிட்டால் டிரைவரை மாற்றிப் பிரயோசனமில்லை. நான் எதையும் கழற்றுவதற்கு முன் பார்ப்பது இதைத்தான்.

என் வீட்டுக் கதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை என் வேரியோவை எந்தப் போனும் பிடிக்கவில்லை. அரை நாள் மண்டையை உடைத்தேன். கடைசியில் பார்த்தால், மகன் கார்ட்டூன் பார்க்கும் டேப்லட்டில் நான் எப்போதோ போட்டுப் பார்த்த செயலி பின்னால் ஓடி, அதுவே கருவியைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்தப் பெட்டிகள் அநேகமாக ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டுமே பேசும்.

நான் கொக்கட்டிச்சோலை, இப்போது பேர்னில். அண்ணன் ஒருவர் தந்த பழைய வேரியோவை என் ஐபோன் காணவே மாட்டேன் என்கிறது.

காணாது. அது கிளாசிக் புளூடூத்தில் தொடர்வரி அனுப்பும் கருவி. அப்பிளின் உரிமம் பெற்ற கருவி அல்லாவிட்டால் ஐபோன் அந்த வழியைத் திறப்பதில்லை. எந்தச் செயலியைப் போட்டாலும் கதை இதுதான். பிஎல்இ உள்ள வேரியோ வாங்கினால் ஃப்ளைஸ்கைஹை போன்ற ஐபோன் பறப்புச் செயலிகளில் ஓடும். காசு செலவழிக்க மனமில்லை என்றால், அலுமாரியில் கிடக்கும் பழைய அன்ட்ரொய்ட் போனைப் பறப்புக்கென்றே ஒதுக்குங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

கல்குடாக் கடற்கரையில் நின்று பார்த்தேன். செயலி உயரம் கழித்தல் 90 மீற்றருக்கும் கீழே காட்டுகிறது. வேரியோவை இணைத்ததும் சரியாகிவிட்டது, ஆனால் பின்னேரம் அதுவும் 20 மீற்றர் கூட்டிக் காட்டியது. எதை நம்புவது?

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை.

முதலாவது, ஜிபிஎஸ் உயரம். செயற்கைக்கோள் கணக்கு பூமியை ஒரு வழவழப்பான நீள்கோளமாக எடுத்துக்கொண்டு அதிலிருந்து உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல் மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை; ஈர்ப்பு குறைந்த இடத்தில் தாழ்ந்திருக்கும். உலகிலேயே அது அதிகம் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது, நூறு மீற்றருக்கும் மேல் பள்ளம். நம்முடைய கரையும் அந்தப் பள்ளத்தின் சரிவிலேயே இருக்கிறது. அன்ட்ரொய்ட் போன் நீள்கோள உயரத்தைத் தருகிறது. செயலி அதைத் திருத்தாமல் காட்டினால், காலை அலை நனைக்கும்போதே தொண்ணூறு மீற்றர் ஆழத்தில் நிற்பீர்கள். ஐரோப்பாவில் இதே திருத்தம் பல இடங்களில் எதிர்ப் பக்கமாக நாற்பது, ஐம்பது மீற்றர் வரும் என்பதால் சுவிஸ் நண்பர்களுக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை. செயலியின் அமைப்பில் ஜியொயிட் (உண்மையான கடல் மட்டம்) திருத்தம் இருந்தால் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வேரியோவின் உயரம். அது அழுத்தத்திலிருந்து வருவது. கரையோரத்தில் எட்டு, எட்டரை மீற்றர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆனால் நாம் ஏறாமலே அழுத்தம் குறையும் நேரமும் உண்டு. வெப்ப வலயத்தில் காற்றழுத்தத்துக்கும் வற்றுப் பெருக்கு இருக்கிறது. காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலு மணியளவில் தாழ்வு. இரவிலும் அதே போல் ஒரு சுற்று. இடையில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். காலையில் மணலில் வைத்துப் பூச்சியமாக்கிய கருவி, பின்னேரம் அதே மணலில் இருபது மீற்றர் ஏறியிருக்கும்.

அதனால் புறப்படும் ஒவ்வொரு முறையும் உயரத்தைத் தரைக்குச் சரிசெய்யுங்கள். ஏறும் இறங்கும் வேகத்துக்கு இது எதுவும் பாதிப்பில்லை. ஆறு மணிநேரத்தில் இருபது மீற்றர் என்பது செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர்கூட வராது.

ஒலுவிலில் படிக்கிறேன். இஎஸ்பி32-சி3 என்ற புளூடூத் உள்ள சின்னக் கணினிப் போர்டும் எம்எஸ்5611 என்ற அழுத்தச் சென்சரும் வாங்கி நானே ஒரு வேரியோ செய்கிறேன். எச்சி-05 என்ற கிளாசிக் புளூடூத் மொடியூலுக்காக எழுதப்பட்ட கோட் இதில் ஓடவில்லை.

சபாஷ் தங்கச்சி. போர்டு வாங்கும்போது பெயரின் வாலைக் கவனித்திருக்க வேண்டும். பழைய இஎஸ்பி32இல் கிளாசிக், பிஎல்இ இரண்டும் உண்டு. சி3, எஸ்3 இரண்டிலும் பிஎல்இ மட்டும். திருப்பிக் கொடுக்க வேண்டாம், பிஎல்இயே நல்லது, ஐபோன்காரரும் பாவிக்கலாம். எச்எம்-10 என்ற பிஎல்இ மொடியூல் பாவிக்கும் அதே சேவை எண்ணையும் பண்பு எண்ணையும் (செயலி தரவைத் தேடிப் போகும் அடையாள எண்கள்) உங்கள் கோடில் கொடுங்கள். பல பறப்புச் செயலிகளுக்கு அந்த வாசல் பழக்கம்.

இனி வரி. டொலர் குறி, எல்கே8இஎக்ஸ்1 என்ற பெயர், பிறகு கமா போட்டு ஐந்து எண்கள். அந்த ஐந்து எண்கள் மட்டும் உதாரணத்துக்கு இப்படி:

100950,99999,120,31,1085

முதல் எண் அழுத்தம், பாஸ்கலில், அதாவது 1009.50 ஹெக்டோபாஸ்கல். 99999 என்றால் 'உயரம் நான் தரவில்லை, நீயே கணக்குப் பார்' என்று அர்த்தம். 120 ஏறும் வேகம், செக்கனுக்குச் சென்ரிமீற்றரில். மீற்றர் என்று நினைத்து 1.2 போட்டு, கருவி அசையவில்லை என்று எழுதியவர்கள் இதற்கு முன் இரண்டு பேர். 31 வெப்பநிலை. கடைசியில் பற்றறி, வீதத்தோடு ஆயிரம் கூட்டிப் போடவேண்டும்; 1085 என்றால் 85 வீதம். முடிவில் நட்சத்திரக் குறியும் சரிபார்ப்பு எண்ணும்.

மொத்தம் நாற்பது எழுத்துக்குக் கிட்ட வரும். பிஎல்இ இயல்பாக ஒரு தடவைக்கு 20 பைட் மட்டுமே தூக்கும். வரியை வெட்டி அனுப்பி, கடைசித் துண்டில் வரி முடிவுக் குறியை மறக்காமல் போடுங்கள். அது இல்லாவிட்டால் செயலி வரி முடியும் என்று காத்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம், சென்சரின் சின்ன ஓட்டையைக் கறுப்பு ஸ்பொஞ்சால் மூடுங்கள். காற்றுக்காக மட்டுமில்லை, எம்எஸ்5611க்கு நேர் வெயில் பட்டாலே எண் துள்ளும். நம்மூர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்.

பாராமோட்டரில் (முதுகில் எஞ்சின் கட்டிய பாராகிளைடர்) பறக்கும்போது வேரியோ பைத்தியம் பிடித்த மாதிரிக் கத்துகிறது. தரையில் ஒழுங்காக இருந்தது. (திருக்கோவில்)

புளூடூத்தில் பிழையில்லை. மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று ஓட்டைக்கு நேரே அடித்தால் கிட்டத்தட்ட 58 பாஸ்கல் கூடும், அது ஐந்து மீற்றர் இறங்கியதற்குச் சமம். காற்று வெட்டி வெட்டி அடித்தால் கருவி ஏறி இறங்கும். அதோடு எஞ்சின் அதிர்வு வேறு. கருவியை நெஞ்சுப் பக்கம் சின்னப் பைக்குள், ஸ்பொஞ்சு வைத்துக் கட்டுங்கள். செயலியில் சராசரி எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பறக்க சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி எடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பீப் சத்தத்தைப் புளூடூத் இயர்போனில் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் பிந்தி வரும். வெப்பக் காற்றைச் சுற்றும்போது அந்தத் தாமதம் ஆளைப் பிழையான பக்கம் திருப்பிவிடும். வயர் உள்ளது பாவியுங்கள்.

பத்து நிமிடத்தில் இணைப்பு அறுந்துபோகிறது.

போனின் பற்றறிச் சேமிப்பு செயலியைத் தூங்க வைக்கிறது. அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

மலை இல்லாத ஊரில் வேரியோ சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? (காத்தான்குடி)

ஜிப் வைத்த பிளாஸ்ரிக் பை ஒன்று எடுங்கள். கருவியை உள்ளே போட்டு, கொஞ்சம் காற்றோடு இறுக்கி மூடி மேசையில் வையுங்கள். போனில் செயலியைத் திறந்துவிட்டு, பையை உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தம் கூடும், எண் இறங்கும். கையைத் தளர்த்தினால் பீப் பீப் என்று ஏறும். கை அசைந்ததும் போனிலும் எண் அசைந்தால் எல்லாம் சரி. கருவி மட்டும் பீப் அடித்துப் போன் பேசாமல் இருந்தால், முதல் கேள்விக்குத் திரும்பப் போங்கள்.