எக்ஸ்ரேயில் தெரியாத கல்: டூயல் எனர்ஜி சி.டி. எடுக்கத்தான் வேண்டுமா?

ஆம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. போன மாதம் விலாவிலிருந்து அடிவயிறு வரை கடும் வலி. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. சாதாரண சி.டி.யில் இடது சிறுநீரகத்தில் 11 மி.மீ. கல், 410 எச்.யூ. என்று ரிப்போர்ட் வந்தது. வேலூரில் டூயல் எனர்ஜி சி.டி. எடுத்தால் கல்லின் வகையே தெரிந்துவிடும் என்கிறார் மாமா. எடுக்கலாமா? கால் கட்டைவிரலும் அவ்வப்போது வீங்கிக்கொள்கிறது. அதற்கும் இந்த ஸ்கேனே போதுமா?"

இப்போதைக்கு வேலூர் பஸ் ஏற வேண்டாம். கையில் இருக்கும் ரிப்போர்ட்டே பாதிக்கு மேல் பதில் சொல்லிவிட்டது.

எச்.யூ. என்பது கல்லின் அடர்த்தியைச் சொல்லும் எண். கால்சியம் கற்கள் பெரும்பாலும் 800, 1000 என்று காட்டும். எக்ஸ்ரேயிலும் வெள்ளையாகத் தெரியும். யூரிக் ஆசிட் கல் பொதுவாக 500க்குக் கீழேதான் நிற்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. அப்பாவின் கல்லில் இந்த இரண்டு அடையாளமும் இருக்கின்றன. போதாக்குறைக்கு சர்க்கரை நோய். சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரில் அமிலம் கூடுதலாக இருப்பது வழக்கம். யூரிக் ஆசிட் கரையாமல் படிவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது மலிவான ஒரு சோதனை: காலைச் சிறுநீரில் பி.எச். பார்ப்பது. அமிலத்தின் அளவைச் சொல்லும் எண் அது; எண் குறைந்தால் அமிலம் கூடுதல். சாதாரண லேபில் பட்டை நனைத்தே சொல்லிவிடுவார்கள். 5.5க்குக் கீழே திரும்பத் திரும்ப வந்தால், அது யூரிக் ஆசிட் கல் என்று எடுத்துக்கொண்டு யூராலஜிஸ்ட் வைத்தியத்தைத் தொடங்கலாம்.

வகை தெரிவதில் என்ன லாபம் என்றால், சிறுநீரகக் கற்களில் மருந்தால் நன்றாகக் கரைவது யூரிக் ஆசிட் கல்தான். பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால் சிறுநீரின் பி.எச்.-ஐ 6.5க்கும் 7க்கும் நடுவில் பிடித்து வைத்தால், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கல் கரையும். ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். கால்சியம் கல்லுக்கு அந்த வழி கிடையாது, ஷாக்வேவோ லேசரோதான். ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் இரண்டையும் பார்க்காமல் சிட்ரேட் பாட்டிலைக் கடையில் வாங்கிக் குடிக்க வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகும். பி.எச். 7ஐத் தாண்டினால் கல்லின் மேல் பாஸ்பேட் படிந்து கரைவதும் நின்றுவிடும்.

இனி அந்த ஸ்கேன். புடவைக் கடையில் டியூப்லைட்டில் பார்த்த நிறத்தை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலிலும் பார்ப்போமே, அதே யோசனைதான். ஒரே இடத்தை 80, 140 கிலோவோல்ட் என்பது போல இரண்டு சக்தியில் படம் எடுக்கிறார்கள். கால்சியம் குறைந்த சக்தியில் எக்ஸ்ரேயை மிக அதிகமாக உறிஞ்சும். அதனால் இரண்டு படத்திலும் அதன் எண் நன்றாக வேறுபடும். யூரிக் ஆசிட் கார்பன், நைட்ரஜன் போன்ற லேசான தனிமங்களால் ஆனது; அதன் எண் அவ்வளவாக மாறாது. இந்த விகிதத்தைக் கணக்கிட்டு மென்பொருள் கல்லுக்கு நிறம் பூசிக் காட்டும். யோசனை ஒன்றும் புதிதல்ல. சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டே 1973ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு எக்ஸ்ரே குழாய் கொண்ட மெஷின் 2006ல் வந்த பிறகுதான் அன்றாட வைத்தியத்தில் பரவியது.

பி.எச். 6க்கு மேல் இருந்தாலோ, எச்.யூ. 500 முதல் 800 வரை இரண்டுங்கெட்டானாக இருந்தாலோ, ஒரே கல்லில் இரண்டு வகையும் கலந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தாலோ இந்த ஸ்கேனுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. 3 மி.மீ.க்கும் சிறிய கல்லில் இதன் தீர்ப்பை நம்ப முடியாது. கதிர்வீச்சு சாதாரண சி.டி. அளவுதான், ஆனால் ஒரே மாதத்தில் இரண்டாவது முறை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சில மெஷின்களில் எக்ஸ்ரேயைப் பதிவு செய்யும் டிடெக்டரே இரண்டு அடுக்காக இருக்கும். எந்த ஸ்கேன் எடுத்தாலும் இரண்டு சக்தியின் விவரமும் அதிலேயே பதிவாகும். போன மாதம் எடுத்த சென்டரில் எந்த வகை மெஷின், அந்த டேட்டாவைச் சேமித்து வைத்திருக்கிறார்களா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இருந்தால் மறுபடி படுக்க வைக்காமலே பதில் கிடைக்கும். மற்ற வகை மெஷினில் சாதாரணமாக எடுத்த படத்திலிருந்து இதைப் பிற்பாடு எடுக்க முடியாது.

கட்டைவிரல் விஷயம் வேறு. வயிற்று ஸ்கேனில் கால் வராது. பாதத்தைத் தனியாக எடுக்க வேண்டும். அந்த வீக்கம் கவுட் நோயாக இருக்கலாம். கவுட்டில் மூட்டில் படியும் யூரேட்டை (யூரிக் ஆசிட் உப்பை) இந்த ஸ்கேன் பெரும்பாலும் பச்சை நிறத்தில் காட்டும். பல வருடம் வீங்கி வீங்கி அடங்கிய மூட்டில் நன்றாகவே தெரியும். முதல் சில தாக்குதல்களில் படிவு குறைவு என்பதால் தவறவிடும். நகத்தடியிலும் தடித்த தோலிலும் பச்சைப் புள்ளி பொய்யாகவும் வரும். அதைப் பார்த்துப் பயந்து வருபவர்கள் உண்டு. மூட்டு நீரை ஊசியால் எடுத்து மைக்ராஸ்கோப்பில் படிகத்தைப் பார்ப்பதுதான் இன்றைக்கும் உறுதியான சோதனை. ரத்த யூரிக் ஆசிட்டை வீக்கம் வடிந்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். வீங்கிய நேரத்தில் நார்மலாகக் காட்டி ஏமாற்றும். பி.பி. மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீர் பிரிக்கும் சில மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும்.

ஆம்பூர் என்றதும் எல்லோரும் பிரியாணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அதைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் நம் வடஆற்காட்டு வெயிலில் வியர்வையாகவே தண்ணீர் போய்விடுகிறது, அதை யாரும் கணக்கெடுப்பதில்லை. நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். இதயக் கோளாறோ கால் வீக்கமோ இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் தண்ணீராகக் கணக்கில் சேரும். அதை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம்.

வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் சுத்தமாக நின்றாலோ ஸ்கேன், பி.எச். எதற்கும் காத்திருக்காமல் அன்றிரவே எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் முதலில் சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் வைத்தோ குழாய் போட்டோ அதை வடிக்க வேண்டும். கல் எந்த வகை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.