வாசகர் கேள்வி: பற்றாக்குறையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: மத்திய பட்ஜெட்டில் பல பற்றாக்குறைகளைச் சொல்கிறார்களே, எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வருவாய்ப் பற்றாக்குறையைத்தான், அதாவது வரி போன்ற வருவாயை மிஞ்சும் அன்றாடச் செலவைத்தான், முதலில் பாருங்கள், அம்மா. 2024 ஜூலையில் தாக்கலான 2024-25 பட்ஜெட்டில் செலவு சுமார் 48.21 லட்சம் கோடி ரூபாய். கடன் தவிர்த்த வரவு 32.07 லட்சம் கோடி. இடைவெளியான ஏறத்தாழ 16.13 லட்சம் கோடிதான் நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டு வாங்கும் புதுக்கடன். நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பான ஜிடிபியில் 4.9 சதவீதம்.

இதில் வட்டிச் செலவு 11.63 லட்சம் கோடியைக் கழித்தால் மிஞ்சுவது 4.50 லட்சம் கோடி. இது முதன்மைப் பற்றாக்குறை. பழைய கடனின் வட்டி எவ்வளவு அழுத்துகிறது என்பது இங்கே தெரியும்.

வருவாய்ப் பற்றாக்குறை 5.80 லட்சம் கோடி. புதுக்கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே போகிறது. ரயில் பாதைக்கு வாங்கிய கடன் பின்னாளில் வருமானம் தரும். வட்டி கட்ட வாங்கிய கடன் தராது. மாநிலங்களுக்குத் தரும் நிதியுதவியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது; அதில் ஒரு பகுதி அங்கே சொத்தாகிறது என்பதையும் நியாயமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ரிசர்வ் வங்கியே நோட்டடித்து அரசுக்குக் கொடுத்தால் என்ன?

பதில்: பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகினால் விலைவாசி ஏறும். அதனால்தான் 2003-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டம், அரசு வெளியிடும் புதிய கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதை 2006 ஏப்ரல் முதல், அசாதாரணச் சூழல் நீங்கலாக, தடுத்தது. ஏற்கெனவே பிறர் வாங்கிய பத்திரங்களை அது சந்தையில் வாங்கலாம்.