இலவசம்தானே என்று தைப்பது

அன்புள்ள ஐயா,

எனக்குத் தையல் தவிர வேறு எதுவும் தெரியாது. எங்கள் சபையில் பாடுகிறவர்களையும் பிரசங்கிக்கிறவர்களையும்தான் ஊழியர்கள் என்கிறார்கள். நான் சில ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுத்து வருகிறேன். இலவசம்தானே, தையல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. இது ஊழியத்தில் சேருமா? பாடகர் குழுவில் சேரச் சொல்கிறார்கள், சேரட்டுமா? உடையோடு ஒரு வசனத் தாள் வைத்துக் கொடுக்க வேண்டுமா? நூல், பொத்தான் செலவுக்குப் பணம் வாங்கினால் தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த நாள்களில் நான் அப்போஸ்தலர் நடபடிகளின் 9ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்து கிடக்கிறாள். பேதுரு மேல்வீட்டுக்கு ஏறி வந்ததும் விதவைகள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் பேசியதாக ஒரு சொல்கூட அங்கே எழுதப்படவில்லை. அவளைச் சீஷி என்று சொல்லி, அவளுடைய நற்கிரியைகளையும் தருமங்களையும் ஒரே வரியில் முடித்துக்கொண்டு, அந்த நூலை எழுதிய லூக்கா துணிகளுக்கு வந்துவிடுகிறார். உங்கள் முதல் கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

என்னை எழுத வைத்தது அந்தக் கேள்வியல்ல, அதற்கு முன்னால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரி. "இலவசம்தானே, தையல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை" என்கிறீர்கள். சகோதரி, அவர்கள் எப்படிக் குறை சொல்வார்கள்? பணம் கொடுத்தவர் கை இறக்கமாக இருக்கிறது, காஜா கோணலாக இருக்கிறது என்று உங்கள் முன்னால் உடையை விரித்துப் போட்டுப் பேசலாம். வாங்கிக்கொள்கிற நிலையில் இருப்பவருக்கு அந்த வாய் இல்லை. அவர்களுடைய மௌனத்தை உங்கள் வேலைக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டது கொடுமை, உங்களுக்கு நல்ல மனம் இருக்கிறது என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

மல்கியாவின் முதல் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். குருட்டு ஆட்டையும் முடமான ஆட்டையும் பலிக்குக் கொண்டுவந்தவர்களிடம், இதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார், அவன் உன்மேல் பிரியமாக இருப்பானா என்று ஆண்டவர் கேட்கிறார். அந்தக் கேள்வியை மத்தேயு 25ஆம் அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிகவும் சிறியவனுக்குச் செய்தது தமக்கே செய்தது என்று இயேசு சொல்லிவிட்ட பிறகு, வஸ்திரமில்லாத ஒரு பிள்ளைக்கு நீங்கள் அசட்டையாகத் தைத்துக் கொடுக்கிற சட்டை யாருக்குப் போகிறது? நம்மில் பலர் ஆராதனைக்கு இஸ்திரி போட்ட உடையில் போகிறோம், ஏழைக்கு மட்டும் மிஞ்சிய துணியையும் மிஞ்சிய நேரத்தையும் கொடுத்துவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைக்கிறோம்.

என் அப்பா இறந்தபோது நான் சிறுவன். எங்கள் சபையில் தையல் தொழில் செய்துவந்த பெரியவர் ஒருவர், அப்பாவின் சட்டைகளை எனக்குச் சரிசெய்து தருவதாக அம்மாவிடம் சொல்லி என்னைக் கடைக்கு வரச் சொன்னார். பணம் கொடுத்துத் தைப்பவர்களின் அளவு எழுதும் அதே நோட்டில் என் பெயரை எழுதி, தோள், மார்பு, கை என்று அளவு நாடாவை வைத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். கழுத்துப்பட்டை தேய்ந்திருந்த சட்டையில் அதைப் பிரித்து, தேயாத பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்துத் தைத்தார். பக்கத் தையலிலும் கை விளிம்பிலும் மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து விட்டிருந்தார். "வளர்ற பிள்ளைம்மா, பிரிச்சு விட்டுக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்படியே ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டு அந்தச் சட்டைகளை வருடக்கணக்கில் எனக்குப் போட்டு அனுப்பினார். அந்தப் பெரியவர் ஆலயத்தில் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. ஒரு மனிதர் என்னை முழுதாகக் கவனித்தார், நான் வளரப்போகிறவன் என்பதையும் சேர்த்துக் கவனித்தார் என்பது மட்டும் அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது.

கவனம்தான் இங்கே அன்பு, அது கையின் வழியாகத்தான் மற்றவரைப் போய்ச் சேர முடியும். கடைசி இராப்போஜனத்தில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதோடு எழுந்துவிடவில்லை, இடுப்பில் கட்டியிருந்த சீலையால் துடைத்தும் விட்டார் என்று யோவான் குறித்து வைத்திருக்கிறார். இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்குப் பெசலெயேல் என்ற கைவினைஞனைப் பெயர் சொல்லி அழைத்த தேவன், பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்வதற்கென்றே அவனைத் தம் ஆவியால் நிரப்பினதாக யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் சொல்கிறது. 35ஆம் அதிகாரத்தில் நூல் நூற்றுக் கொண்டுவந்த பெண்களும் இருக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, மடத்தின் சாதாரணப் பாத்திரங்களையும் பலிபீடத்துப் பாத்திரங்களாக எண்ணிக் கையாள வேண்டும் என்று பண்டசாலைப் பொறுப்பாளருக்குக் கட்டளையிடுகிறது. தன் திறமையைக் குறித்துப் பெருமை கொள்ளும் கைவினைஞரை அந்த வேலையிலிருந்தே விலக்கிவிடச் சொல்வதும் அதே ஒழுங்குதான். நேர்த்தியும் தாழ்மையும் சேர்ந்தே இருக்க வேண்டியவை, ஒன்றைச் சாக்காக வைத்து மற்றதை விட்டுவிட முடியாது.

வசனத் தாள் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம், அது சரியாகத் தைக்காத தையலை மறைக்காது. நூலுக்கும் பொத்தானுக்கும் பணம் வேண்டுமென்றால் சபையிடம் கேளுங்கள், அந்தக் குடும்பங்களிடம் கேட்காதீர்கள். பாட விருப்பமிருந்தால் பாடுங்கள், ஊழியக்காரி என்ற பெயருக்காகப் போக வேண்டாம்.

இதுவரை கொடுத்த உடைகளில் எவை சரியில்லை என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடுகளுக்குப் போய், பிள்ளைகளை நிற்க வைத்து அளவெடுத்து, அவற்றை வாங்கி வந்து பிரித்துத் தைத்துக் கொடுங்கள். அடுத்த உடைக்குத் துணி வெட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

அன்புடன்.