பராமரிப்பாளர் நிதியாதரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில், குடும்பத்தில் ஊதியமின்றிப் பராமரிப்போருக்குக் கூடுதல் நிதியாதரவு கோருவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். தனிப்பட்ட விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்பதை, விண்ணப்பங்களைக் கையாளும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம்தான் கேட்க வேண்டும்.

ஈசூன் வாசகி: பக்கவாதம் கண்ட அம்மாவுக்காக வேலையை விட்டுவிட்டேன். இல்லப் பராமரிப்பு மானியம் கிடைக்குமா?

வீட்டில் பராமரிக்கும் செலவுக்கு அரசு மாதந்தோறும் தரும் அந்த மானியம், நீங்கள் வேலையை விட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. அம்மாவின் நிலையைத்தான் பார்க்கிறது. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றுக்கேனும் அவருக்கு எப்போதும் பிறர் உதவி தேவைப்பட வேண்டும். அவர் தாதிமை இல்லத்தில் அல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். குடும்ப வருமானமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். மதிப்பீட்டு நாளில் கவனமாக இருங்கள். மதிப்பிட வருபவரைக் கண்டதும் தலைவாரிப் பொட்டு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, “நானே குளிச்சுக்குவேன்” என்று சொல்லிவிடும் அம்மாக்கள் உண்டு. முந்தைய இரவு கழிவறைக்கு அவரைத் தாங்கிச் சென்றது யார் என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிடோக் வாசகர்: தொகை எவ்வளவு?

2019இல் மாதம் 200 வெள்ளி. சிங்கப்பூர்ப் பெண்கள் மேம்பாடு பற்றிய 2022 வெள்ளை அறிக்கைக்குப் பின், 2023இல் அது 250 முதல் 400 வெள்ளி வரை ஆனது. 2026 ஏப்ரல் முதல் உச்சத் தொகை 600 வெள்ளி. வீட்டில் ஒருவருக்கான சராசரி மாத வருமானம் 4,800 வெள்ளியைத் தாண்டினால் மானியம் இல்லை.

ஜூரோங் வாசகர்: என் அப்பாவுக்குக் கிடைக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

தோ பாயோ வாசகி: மானியத்தை 1,000 வெள்ளியாக்கக் கோரி மனு தயாரிக்கிறோம். சரியான கோரிக்கைதானா?

தவறில்லை, ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று விடுபடுகிறது. மாதம் 3,000 வெள்ளி வாங்கும் 50 வயதுப் பெண்ணின் ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பாகிய மத்திய சேமநிதிக் கணக்கில், அவர் பங்கு 20 விழுக்காடும் முதலாளி பங்கு 17 விழுக்காடும் சேர்ந்து மாதம் 1,110 வெள்ளி சேர்கிறது. அவர் ஐந்தாண்டு வீட்டில் இருந்தால், வட்டியைக் கணக்கில் சேர்க்காமலே 66,600 வெள்ளி போய்விடுகிறது. மானியமோ அம்மாவின் அணையாடைக்கும் மருந்துக்குமே செலவாகிவிடும். முழுநேரமாகப் பராமரிப்பவரின் சேமநிதிக் கணக்கில் அரசு மாதந்தோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும் என்பதே மனுவின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உட்லண்ட்ஸ் வாசகர்: பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அதற்குக் கூலி கேட்பது நம் பண்பாட்டுக்கு இழுக்கு.

கடமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. 1995இல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டமே அதைச் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பிள்ளையிடம் கேட்பது பணம். மாதம் 300 வெள்ளி அனுப்பும் மகனின் பங்கு ரசீதில் தெரிகிறது. சம்பளத்தையே துறந்த மகளின் பங்கு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வெளிநாட்டுப் பணிப்பெண்ணை அமர்த்தினால், அதற்காக அரசுக்குச் செலுத்தும் மாதத் தீர்வையைத் தகுதியுள்ள குடும்பத்துக்கு 300இலிருந்து 60 வெள்ளியாக அரசு குறைக்கிறது. அந்த உதவியை யாரும் இழுக்கு என்று சொல்லக் காணோம்.

அதே வாசகர்: பணம் வந்தால் பாசம் போய்விடும்.

மூன்று அண்ணன்களுக்கு ஒரே தங்கையான செங்காங் வாசகி இதற்கு எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “பாசம் அண்ணன்களுக்கும் இருக்கிறது. விடுப்பு எடுப்பது மட்டும் நான்.” இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கிளமெண்டி வாசகர்: அக்காவின் சேமநிதிக்கு நாங்களே பணம் போடலாமா?

போடலாம், போடவும் வேண்டும். அவருக்கு 55 வயதாகி, சேமிப்பு அடிப்படை ஓய்வுக்காலத் தொகையை (ஓய்வுக்காலத்துக்கெனச் சேமநிதியில் வகுத்துள்ள அடிப்படை இலக்கை) எட்டாமல், வருமானம் முதலிய நிபந்தனைகளும் பொருந்தினால், 2025 முதல் ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை அரசும் அதே அளவு சேர்க்கிறது. வாழ்நாள் உச்சம் 20,000 வெள்ளி. உடன்பிறந்தோர் மூவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மாதம் 60 வெள்ளிகூட ஆகாது.

பொங்கோல் வாசகி: என் மாமியாருக்குக் கிடைக்குமா? நன்றாகப் பேசுகிறார், மதிப்பீட்டில் என்ன சொல்வது?

மீண்டும் அதே கேள்வி. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், அவர் மானத்துக்காகக் குறைக்கவும் வேண்டாம்.

தோ பாயோ வாசகி: மனுவை யாரிடம் கொடுப்பது?

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகத்தான் மனு நாடாளுமன்றத்துக்குப் போக முடியும். உங்கள் தொகுதி உறுப்பினர் குடியிருப்பாளர்களை நேரில் காணும் மக்கள் சந்திப்புக்குச் செல்லும்போது, கையெழுத்திட்டோரில் ஒருவரின் வேலையை விடுவதற்கு முந்தைய சேமநிதி அறிக்கையையும் இவ்வாண்டு அறிக்கையையும், அவர் சம்மதத்தோடு, பெயரை மறைத்து உடன் எடுத்துச் செல்லுங்கள்.